மஞ்சள் டைனோசரைத் திரும்ப வாங்கப் போனேன்

திருச்சி விமான நிலையத்தில் என் முறை வந்தபோது, அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டியபடி, "கோயிலுக்கா, சொந்தக்காரங்களைப் பார்க்கவா?" என்று கேட்டார். மலேசியாவின் கிள்ளானிலிருந்து வருகிற எங்களைப் போன்றவர்கள் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் வருவார்கள் போலிருக்கிறது. "தெரிஞ்சவங்களைப் பார்க்க" என்றேன். நான் பார்க்கப் போகிற மனிதரை நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவரிடமிருந்து ஒரு பொம்மையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் என்னைத் தனி அறையில் உட்கார வைத்திருப்பார்.

நான் பழைய டைனோசர் பொம்மைகள் சேர்க்கிறவள். ஐம்பத்திரண்டு வயதில், பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கிற ஒருத்திக்கு இது என்ன பைத்தியம் என்று என் வீட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். இப்போது கடைக்கு வருகிறவை எனக்கு வேண்டாம். ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தையவை வேண்டும். அந்தக் காலத்துப் பொம்மைகளில் பெரிய பல்லுக்காரனான டி-ரெக்ஸ் கங்காருவைப் போல நிமிர்ந்து நின்று வாலைத் தரையில் ஊன்றியிருப்பான். உண்மையில் அது அப்படி நின்றதில்லை, உடம்பைக் கிடையாக வைத்து வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது என்று பிறகு சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்தப் பழைய தப்புதான் பிடிக்கும். ஒன்று கையில் கிடைத்தால் முதலில் வயிற்றைத் திருப்பி எங்கே செய்தது என்று பார்ப்பேன். பிறகு அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோட்டை நகத்தால் வருடிப் பார்ப்பேன்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில்தான் முரளி அறிமுகம். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார், ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர், முப்பத்தாறு வயது. நான்கு வருடமாக என்னைக் கோமதிக்கா என்றுதான் அழைக்கிறார். சென்ற வருடம் கிள்ளானில் ஒரு பழைய எழுதுபொருள் கடையை மூடியபோது எனக்கு ஒரு பெட்டி டைனோசர் கிடைத்தது. கட்டைவிரல் அளவு, உலோக வார்ப்பு, மேலே மஞ்சள் பெயிண்ட். அதிலிருந்து பன்னிரண்டை முரளிக்கு அனுப்பினேன். பதிலுக்கு அவர், நான் பத்து வருடமாகத் தேடிக்கொண்டிருந்த பச்சை ரப்பர் டைனோசர் ஒன்றை அனுப்பினார்.

பிறகு ஒரு நாள் ஒரு படம் அனுப்பினார். அவருடைய மகள் யாழினி, இரண்டு வயது, தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். கையில் என்னுடைய மஞ்சள் டைனோசர் ஒன்று. வாலின் நுனியில் உருண்டையாகக் கதாயுதம் போல இருக்குமே, அந்த வகை. அந்த உருண்டை அவள் வாய்க்குள் இருந்தது. 'புது முதலாளி' என்று கீழே எழுதியிருந்தார். நானும் சிரிக்கிற எமோஜி ஒன்றை அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பன்னிரண்டையும் பார்சல் கட்டுவதற்கு முன்பே, குழுவில் இருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் எச்சரிக்கை எழுதியிருந்தார். அந்தக் காலத்து மஞ்சள் உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கிறது, உடம்பிலும் இருக்கிறது, பெயிண்டிலும் இருக்கிறது, பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள் என்று. நான் அதைப் படித்தேன். பச்சை டைனோசர் கைக்கு வருகிற நேரம். பார்சலில் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் போதும். முரளி வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எழுதாமல் விட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு எங்கள் பள்ளிச் சுவரின் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்க ஒருவர் வந்தார். தேய்த்தால் நிறம் மாறுகிற குச்சிகள் வைத்திருந்தார். மிச்சம் இருந்த இரண்டை என் மேசையில் விட்டுப் போனார். வீட்டுக்கு எடுத்துப்போய், பெட்டியில் மீதமிருந்த ஒரு மஞ்சள் டைனோசரின் முதுகில் தேய்த்தேன். நான் குச்சியைக் கீழே வைப்பதற்குள் அது செக்கச் சிவந்துவிட்டது.

அன்றே முரளிக்குச் செய்தி அனுப்பினேன். போய்ச் சேரவில்லை. அழைத்தால் அணைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. கூரியரில் கடிதம் அனுப்பினேன். வீடு பூட்டியிருக்கிறது என்று தகவல் வந்தது. அவர் வீட்டில் வேறு யாருடைய எண்ணும் என்னிடம் இல்லை. ஈயம் குழந்தைகளை என்ன செய்யும் என்று வாசித்து வாசித்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

விமானத்தில் என் பின் இருக்கையில் ஒரு இளம் தாய் தன் பிள்ளையிடம் மலாயில் சொல்லிக்கொண்டே வந்தாள்: "வாயில் வைக்காதே. அழுக்கு. வாயில் வைக்காதே." மூன்றாவது முறை நான் திரும்பிப் பார்த்தேன். பிள்ளை இருக்கை வாரின் கொக்கியைச் சப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் தொந்தரவாக இருக்கிறதாக்கும் என்று மன்னிப்புக் கேட்டாள்.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியதும் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி அச்சு முறிந்து நின்றதாம். ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு, "அவசரமாங்க?" என்றார். ஆமாம் என்றேன். "எல்லாரும் அவசரந்தாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போய் வேடிக்கை பார்த்தார். கீழே மணல்தான் தெரிந்தது, ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். எங்கள் ஊர் ஆறு எப்போதும் கலங்கி நிறைந்து ஓடும். இங்கே ஆறு எங்கே என்று கேட்க ஓட்டுநரும் பக்கத்தில் இல்லை. ஒவ்வொரு நிமிடமும் அந்தக் குழந்தை எதையோ வாயில் வைத்துக்கொண்டிருப்பதாகவே தோன்றியது.

அடையவளஞ்சான் வீதியில் முரளியின் வீடு மாடிப் பகுதி. படியேறிப் பார்த்தேன். பூட்டு. கதவின் கீழ்ப்பக்கத்தில், ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்தில், கிரேயான் கிறுக்கல்கள். கீழே வந்து வீட்டுக்காரரின் கதவைத் தட்டினேன். மடிசார் கட்டிய ஒரு மாமி வந்தார். வேதவல்லி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"யாரு வேணும்?"

"மாடியில முரளி..."

"அவா ஊர்ல இல்லையே. நீங்க எங்கேர்ந்து வரேள்?"

"மலேசியாவுலேர்ந்துங்க."

மாமி முகம் மலர்ந்தது. "பொம்மை அனுப்புவேளே, அந்தக் கோமதியா? உள்ள வாங்கோ."

"போன் பண்ணிப் பண்ணிப் பார்த்தேன், கிடைக்கல."

"எப்படிக் கிடைக்கும்? குழந்தை அதைத் தண்ணித் தொட்டியில போட்டுடுத்து. இன்னும் வேற வாங்கலை. அவாளுக்கு இப்போ குழந்தை உடம்புதான் கவலை."

"குழந்தைக்கு என்ன?"

"வயித்து வலிங்கறா. ஒரு மாசமாச்சு. சாப்பிட மாட்டேங்கறது, எப்பப் பார்த்தாலும் அழுகை. முன்னல்லாம் இந்தப் படியில ஏறி இறங்கி ஓடிண்டே இருக்கும். இப்போ அம்மா இடுப்பை விட்டு இறங்கறதில்லை. வெளுத்து வேற போயிடுத்து. பூச்சி மருந்து குடுத்துப் பார்த்தா. அப்புறம் மாமா வீட்டுல இருந்தா கொஞ்சம் தேறும்னு அவ அம்மா சுமதி அழைச்சிண்டு போயிட்டா."

நான் ராத்திரி ராத்திரியாக வாசித்த பட்டியலை மாமி வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, தலை சுத்தறதா? தளிகை ஆயிடுத்து, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கோ" என்றார். வேண்டாம் என்று சொல்லியும் இலையில் சாத்தமுது சாதம் போட்டுவிட்டார். ரசத்தில் மிளகு மணத்தது. மூன்று வாய்க்கு மேல் இறங்கவில்லை. சுமதியின் எண் மாமியிடம் இல்லை. "உப்பிலியபுரம். பழைய ரைஸ் மில் எதிர்ச் சந்துன்னு சொல்லுவா" என்பதுதான் கிடைத்த விலாசம்.

கார் கிடைக்குமா என்று கேட்டேன். பெரிய முகூர்த்த நாளாம், மூன்று இடத்தில் கையை விரித்தார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினேன். எங்கள் ஊர்ப் பேருந்துகளில் ஆளுக்கு ஆள் பேசுவதில்லை. இங்கே நான் உட்காருவதற்குள் பக்கத்துப் பெண் என் பையை வாங்கித் தன் சின்ன வெங்காய மூட்டையின் மேல் வைத்துவிட்டு, எந்த ஊர், எத்தனை பிள்ளை, யார் வீட்டுக்கு என்று கேட்டு முடித்துவிட்டாள்.

மண்ணச்சநல்லூர் தாண்டியதும் பஸ்ஸின் பின்பக்கம் டமாரென்றது. டயர். எல்லோரும் இறங்கி வெயிலில் நின்றோம். கண்டக்டர் நிதானமாக, "பின்னாடி வண்டி வருதுங்க, அதுல ஏத்தி விடுறேன்" என்றார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் சாலையின் நடுவில் போய் எட்டிப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தேன்.

"யாருக்காச்சும் உடம்பு முடியலயா?" என்றாள் வெங்காயக்காரப் பெண்.

"ஒரு கொழந்தைக்கு."

"பேத்தியா?"

இல்லை என்றேன். பிறகு யார் என்று அவள் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்துக் கையில் கொடுத்து, "தின்னுங்க, மயக்கம் போட்டுறாதீங்க" என்றாள்.

துறையூரில் பஸ் மாறி, உப்பிலியபுரத்தில் இறங்கும்போது மணி மூன்று இருக்கும். தூரத்தில் பச்சைமலை நீலமாகத் தெரிந்தது. ரைஸ் மில்லைக் கேட்டு, எதிர்ச் சந்தில் நுழைந்தேன். நான்காவது வீட்டு வாசலில் ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை தாயின் தோளில் தலையைச் சாய்த்திருந்தது. படத்தில் பார்த்த கன்னங்கள் இல்லை. உதடு காகிதம் போல வெளுத்திருந்தது. வலது கையில் மஞ்சளாக எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது.

நான் யார் என்று சொல்லவில்லை, ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகப் போய்க் குழந்தையின் விரல்களைப் பிரித்து அந்தப் பொம்மையைப் பிடுங்கினேன். யாழினி வீறிட்டாள். சுமதி துள்ளி எழுந்து குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அண்ணே, இங்க வா. யாரோ பொம்பள வந்து..." என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

நான் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் பெயிண்ட் பாதி போயிருந்தது. வாலின் நுனியில் உருண்டை இல்லை. முறிந்த இடத்தில் சாம்பல் நிறமாக உலோகம் தெரிந்தது.

"வால் எங்க?" என்றேன். சுமதியிடம் நான் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

உள்ளேயிருந்து சுமதியின் அண்ணனும் அவர் பின்னால் முரளியும் ஓடிவந்தார்கள். முரளிக்கு என்னை அடையாளம் தெரிய இரண்டு விநாடி ஆயிற்று. "கோமதிக்கா?" என்றார். சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இது ஈயம் முரளி. உடம்பு பூரா ஈயம். வாலோட நுனி எப்ப ஒடஞ்சுது?"

யாருக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் இருக்கலாம் என்றார் முரளி. கூட்டும்போது எதுவும் கிடைக்கவில்லை என்றாள் சுமதி. சொல்லும்போதே அவள் கை குழந்தையின் வயிற்றுக்குப் போய்விட்டது.

அண்ணன் யாரிடமோ கார் வாங்கி வந்தார். முசிறிப் பக்கம் எங்கோ மாநாட்டுக்குப் போகிற வண்டிகள் வழியை அடைத்ததால் வேறு சாலையில் சுற்றினோம். யாழினி இரண்டு முறை வாந்தி எடுத்தாள், இரண்டாவது என் சேலையில். அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தேன். அந்தத் தலை என் உள்ளங்கையில் சூடாக, எடையே இல்லாமல் இருந்தது.

தில்லைநகரில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்குப் போனபோது மாலை ஆறு. டாக்டர் ஒரு பெண்மணி. நான் மேசையில் வைத்த பொம்மையைக் கையுறை போட்டு எடுத்துப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் எக்ஸ்ரேக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் எங்களைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். சின்ன விலா எலும்புகளுக்குக் கீழே, இரைப்பை இருக்கும் இடத்தில், கொண்டைக்கடலையை விடச் சிறிதாக ஒரு வெள்ளைப் புள்ளி. எலும்பைவிட வெள்ளை.

"இதான் வால்" என்றார் டாக்டர். "காலைல குழாய் விட்டு எடுத்துருவோம். ரத்தத்துல எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்க்கணும், சென்னைக்கு அனுப்பணும், ரெண்டு மூணு நாள் ஆகும்." பிறகு என்னைப் பார்த்து, "நல்லவேளை இதைக் கையோட கொண்டுவந்தீங்க. சொல்லலைன்னா எங்களுக்கு இது தோணவே இன்னும் நாளாகியிருக்கும்" என்றார்.

முரளி அங்கேயே அழுதுவிட்டார். "கடல் தாண்டி வந்து எம் புள்ளைய காப்பாத்துனீங்க அக்கா" என்றார். அந்த வார்த்தை என் மேல் விழுந்தபோதுதான் எனக்கு வேறொரு பயம் தொடங்கியது. அதுவரை குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று பயந்தேன். இனி, உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று பயந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு யாழினியை உள்ளே எடுத்துப் போனார்கள். சுமதி வெளியே பெஞ்சில் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணன் எல்லோருக்கும் இட்லிப் பொட்டலம் வாங்கிவந்தார். யாரும் பிரிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் டாக்டர் வந்து ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார். உள்ளே கறுத்துப்போன ஓர் உருண்டை. குழந்தை நன்றாக இருக்கிறாள் என்றார். சுமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் குப்பியையே பார்த்தேன். அதில் மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை. அந்தப் பெயிண்ட் முழுவதும் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் முரளியும் நானும் ஸ்ரீரங்கம் வீட்டைத் துடைக்கப் போனோம். அலமாரியில் மீதிப் பதினொன்றும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் முரளி பென்சிலில் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். அவ்வளவு அழகாக வரைகிறவர் என்று எனக்குத் தெரியாது. கையுறை போட்டு எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டினோம். ஈரத் துணியால் தரையையும் சன்னலையும் கதவையும் துடைத்தோம். கதவின் கிரேயான் கிறுக்கலைத் துடைக்கலாமா என்று கேட்டேன். "அதை விட்டுருங்கக்கா" என்றார்.

நாங்கள் இறங்கும்போது வேதவல்லி மாமி கையைப் பிடித்துக்கொண்டார். "ரங்கநாதன்தான் உங்களை அனுப்பி வெச்சிருக்கார். இல்லைன்னா யார் இப்படி வருவா?" என்று கண் கலங்கினார். நல்ல பெயரைச் சுமப்பது அவ்வளவு பயமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. முரளி பக்கத்தில்தான் நின்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். ரத்தச் சோதனை முடிவு வரட்டும் என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் நான் தங்கியிருந்த லாட்ஜ் அறையில் இருக்க முடியவில்லை. மலைக்கோட்டைக் கடைத்தெருவில் கால் போன போக்கில் நடந்தேன். ஜவுளிக்கடைக்காரர்கள் "வாங்கம்மா, உள்ள வந்து பாருங்க" என்று கூப்பிட்டபடி இருந்தார்கள். பாய் ஒருவரின் மொத்த விற்பனைப் பொம்மைக் கடை வாசலில் கூடை நிறைய பிளாஸ்டிக் டைனோசர்கள். கலர் கலராக, நேற்றுச் செய்தவை. எப்போது நின்றேன், எப்போது குனிந்தேன் என்று தெரியாது. ஒன்றை எடுத்து வயிற்றைத் திருப்பி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா தேடுறீங்க?" என்றார் கடைக்காரர்.

"பழசு ஏதாச்சும் இருக்குங்களா? அந்தக் காலத்து ஸ்டாக்கு?"

கேட்டது என் குரல்தான்.

"வாப்பா காலத்துல வாங்குனது மாடியில ஒரு பெட்டி கெடக்கு. எறக்கச் சொல்லவா? புள்ளைங்களுக்கா?"

பொம்மையைக் கூடையில் போட்டுவிட்டு வேகமாக நடந்தேன். ஒரு பிள்ளை படுக்கையில் கிடக்கும்போதும் என் கை பழக்கத்தை விடவில்லை. தெப்பக்குளத்து ஓரமாகப் போய் நின்றேன். பிறகு திரும்பிப் போய் அவரிடம், அந்தப் பெட்டியில் உலோகப் பொம்மைகள் இருந்தால் யாருக்கும் விற்காதீர்கள், அதில் ஈயம் இருக்கும் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரிம்மா, அல்லா காப்பாத்தட்டும்" என்றார். நம்பினாரா என்று தெரியாது.

ஐந்தாம் நாள் காலையில் முடிவு வந்தது. ஈயம் அதிகம். ஆனால் மருந்தால் இறக்கக்கூடிய அளவு என்றார் டாக்டர். ஐந்து நாள் மருந்து, பிறகு இரும்புச்சத்து, மாதம் ஒரு சோதனை. "வெளிய எடுத்துட்டோம், இனிமே உள்ள போகாது. பேச்சு, நடை எல்லாம் கவனிச்சுக்கிட்டே வரணும். பயப்படாதீங்க, ஆனா விட்டுறாதீங்க" என்றார். இதை எழுதும்போது மூன்று சோதனை முடிந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் இறங்கி வருகிறது. யாழினி மறுபடி படியேறுகிறாளாம்.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் முரளி மறுபடி என் கையைப் பிடித்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன்.

"முரளி, எனக்கு நன்றி சொல்லாதீங்க. பார்சல் கட்டும்போதே எனக்குத் தெரியும். குரூப்புல ஒருத்தர் எழுதியிருந்தாரு, ஈயம், பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்கன்னு. படிச்சேன். நீங்க வேணாம்னுட்டா பச்சை டைனோசர் கெடைக்காதுன்னு சொல்லாம விட்டேன். படத்துல யாழினி வாயில அதைப் பார்த்தப்பவும் சொல்லல."

அடிக்கட்டும் என்றுகூட நினைத்தேன். முரளி என் கையை விட்டார்.

"நானும் படிச்சேன் அக்கா" என்றார்.

சுமதி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கே படிச்சேன். வெளிநாட்டுக்காரங்க எல்லாத்துக்கும் பயப்படுவாங்கன்னு நெனச்சேன். பொம்மை வந்தப்ப அலமாரியிலதான் வெச்சேன். யாழி அழுதா. ஒண்ணே ஒண்ணுதானேன்னு எடுத்துக் குடுத்தேன். டாக்டர் பூச்சி மருந்து எழுதுனப்பகூட அது ஞாபகம் வந்துச்சு. சொல்றதுக்குப் பயமா இருந்துச்சு."

சுமதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். "ஒரு மாசம்" என்றாள், முரளியிடம். "ஒரு மாசமா நான் அவளுக்குக் கசப்பு மருந்தக் குடிக்க வெச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்க." அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முரளியும் நானும் தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தோம். ஒரு நர்ஸ் வந்து, சாப்பாட்டு நேரம், ஓரமாக உட்காருங்கள் என்று சொன்னதும் எழுந்தோம்.

ஆறாம் நாள் நான் ஊர் திரும்ப வேண்டும். விடைபெறப் போவதா வேண்டாமா என்று மருத்துவமனைக்கு எதிரே டீக்கடையில் நின்று இரண்டு டீ குடித்தேன். எங்கள் ஊர் தே தாரிக் டீயைப் போலவே இழுத்து ஆற்றுகிறார்கள், ஆனால் பால் மணம் வேறு. பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு உள்ளே போனேன். சுமதி வாசலிலேயே நின்றிருந்தாள். முந்தைய நாள் வரை அக்கா என்றவள் இப்போது அப்படி அழைக்கவில்லை.

"ராத்திரி பூரா ஒண்ணுதான் யோசிச்சேன்" என்றாள். "அந்தப் பெட்டியில மொத்தம் எத்தனை இருந்துச்சு?"

"முப்பது."

"எங்களுக்குப் பன்னெண்டு. மீதி?"

"என்கிட்ட பன்னெண்டு இருக்கு."

"அப்ப ஆறு?"

எனக்குத் தெரியும். வந்த நாளிலிருந்தே தெரியும். நினைவு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யாழினியைக் காரணம் காட்டித் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்த ஆறும் எங்கள் நாட்டிலேயே தைப்பிங்கில் ஒரு பெண்மணிக்குப் போயிருந்தன. குழுவில்தான் பழக்கம். அவரும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டவர்தான் என்று சுமதியிடம் சொன்னேன்.

"அவங்க வீட்டுல கொழந்தை இருக்கா?"

"தெரியாது. கேட்டதில்ல."

"இப்ப கேளுங்க" என்றாள் சுமதி. "நான் இங்கயேதான் நிப்பேன்."

எண்ணைத் தேடி அழுத்தினேன். மணி அடித்தது. சுமதி கைகளைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது மணியில் யாரோ எடுத்தார்கள். மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு மழலைக் குரல், "ஹலோ, யாது?" என்றது.

"கண்ணு," என்றேன், "அம்மாகிட்ட போனைக் குடு."